மணியடிப்பது யார், யாருக்காக?

லினக்ஸ் அன்பர்கள் என்னைக் கோபிக்கக்கூடாது. கட்டற்ற மென்பொருளின் பக்கம் நிற்பவன் என்பதாலேயே இதனை எழுதுகிறேன். பயனரே எசமானர் என்று பறைசாற்றும் ஒரு முறைமை, அந்த எசமானர் ஒரு விசையைக் கூடுதலாகத் தட்டிவிட்டால் "பீப்" என்று அதட்டுவது என்ன நியாயம்?

முனையத்தின் வெற்று வரியில் பின்னழிப்பு விசையை அழுத்துங்கள், மணி. கட்டளையின் பாதியை எழுதித் தாவல் விசையைத் தட்டுங்கள். பொருந்தும் பெயர்கள் பல இருந்தால் அங்கும் மணி. கோப்பு எதுவும் அழியவில்லை, வன்தட்டு பழுதாகவில்லை. ஆயினும் நள்ளிரவில் வீட்டார் விழித்துக்கொள்கின்றனர்.

இந்த மணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1963 இல் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டு நியமத்தில் ஏழாம் இலக்கம் எழுத்தைக் குறிப்பதன்று, மணியைக் குறிப்பது. தொலையச்சு இயந்திரங்களிலிருந்து வந்த வழக்கம் அது. பத்திரிகைக் காரியாலயங்களில் அந்த மணியோசைக்குப் பழகிய தலைமுறை எங்களுடையது. சாதாரணச் செய்திக்கு மணி இல்லை. அவசரச் செய்திக்குச் சில தடவை; உலகையே உலுக்கும் செய்திக்கு அதனிலும் பல தடவை. எத்தனை தடவை என்பதை மறுமுனையில் இருந்த ஒரு மனிதர் செய்தியின் கனத்தை எடைபோட்டுத் தீர்மானித்தார். ஆதலால் மணி கேட்டால் ஆசிரியபீடமே எழுந்து நின்றது. கணனியோ மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, எடைபோட்ட மனிதரை விட்டுவிட்டது.

சரி, நிறுத்திவிடலாமே என்பீர்கள். எங்கே நிறுத்துவது? கணனிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கியை இயக்குவது கருவகத்தின் 'பீ.சி.எஸ்.பி.கே.ஆர்.' என்னும் கூறு. அதனைத் தடைப்பட்டியலில் சேர்க்கவேண்டும். கட்டளை வரியின் மணிக்கு 'இன்புட்ஆர்சி' கோப்பில் 'பெல்-ஸ்டைல்' என்பதை 'நன்' என்று மாற்றவேண்டும். முனையச் சாளரத்துக்குத் தனியாக ஒரு தெரிவு. க்னோம் மேசைத்தளத்தின் எச்சரிக்கை ஒலிக்கு, ஒலி அமைப்புகளில் முறைமை ஒலிகளின் அளவைப் பூச்சியமாக்கவேண்டும். ஓசை எழுப்ப எவரும் அனுமதி கேட்கவில்லை. அமைதிக்கு மட்டும் நான்கு வாசல்களில் மனுப்போட வேண்டியிருக்கிறது!

க்னோமின் முன்னைய பதிப்புகளில் எச்சரிக்கை ஒலிக்கான தெரிவுகளுள் நாய் குரைப்பதும் ஒன்று. எந்த நாய் குரைக்கவேண்டும் என்று தெரிவு செய்யலாமாம். நாயே வேண்டாம் என்பவர் வேறிடம் தேடவேண்டுமாம்.

உபுண்டுவை ஆக்கியோருக்கு இவ்வுண்மை தெரியாததன்று. ஒலிபெருக்கிக் கூறினைத் தாமாகவே தடைப்பட்டியலில் சேர்த்தபோது, இது அவலட்சணமான உரத்த ஓசை, எல்லோருக்கும் எரிச்சலூட்டுவது என்ற பொருள்பட அக்கோப்பிலேயே குறிப்பும் எழுதிவைத்தனர். எல்லா விநியோகங்களும் அந்த மரியாதையைப் பின்பற்றவில்லை.

பார்வையற்றோருக்கு ஒலி தேவை என்பர். மறுக்கவில்லை. கணனி உயிர்பெறும்போதே நினைவகம் பழுதென்றால், திரை இருண்டிருக்கும் அந்நேரத்தில் ஒலிக்கும் பீப் ஒலியும் பயனுள்ளதே. அவை செய்தி சொல்லும் ஒலிகள். தேவைப்படுபவர் தாமே தெரிந்துகொள்ளும் ஒலி உதவி. எவரும் கேளாமல் எல்லோர் மீதும் திணிக்கப்படும் ஒலி தொல்லை.

"லினக்ஸில் எதையும் மாற்றலாமே" என்பது இன்னொரு பதில். மாற்றலாம், மாற்றத் தெரிந்தவர். புதிதாக வருபவர் இரண்டு நாள் பொறுத்துவிட்டு விண்டோஸுக்கே திரும்பிவிடுவார். மாற்றும் உரிமையைக் கொடுத்துவிட்டு, மாற்றும் சுமையையும் அவர் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் சுதந்திரமா?

கேட்பது பெரிதன்று. நிறுவியவுடன் கணனி மௌனமாக இருக்கட்டும். ஒலி வேண்டுவோர் ஒரே ஓர் ஆளியைத் தட்டிப் பெறட்டும். மணிக்கு மதிப்பு வேண்டுமானால், அது எப்போதாவதுதான் ஒலிக்கவேண்டும்.