நோய் யாருடையது?

நிலக்கோட்டையிலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ முதியவர் ஒருவரைத் திண்டுக்கல்லுக்கு மருத்துவத்திற்கு அழைத்து வருகிறோம். சோதனைகள் முடிந்ததும் அவர் வெளியே அமர்த்தப்படுகிறார். மகனும் மருமகனும் உள்ளே அழைக்கப்படுகின்றனர். புற்றுநோய் என்பது மகனுக்குத் தெரியும். மாலைக்குள் தெருவுக்கே தெரியும். நோயைச் சுமப்பவருக்கு மட்டும் அது "சாதாரண வயிற்றுப்புண்". இதற்கு நாம் பாசம் என்று பெயரிட்டிருக்கிறோம்.

பாசமன்று இது; பறிப்பு. நோயாளியின் இரகசியத்தைக் காக்குமாறு இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் மருத்துவரைப் பணிக்கின்றன. நோயின் நிலைமையை உறவினரும் அறியலாம் என அவை ஒப்புகின்றன. ஆயினும் அறிய வேண்டியோர் வரிசையில் நோயாளியே முதலில் நிற்கிறார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

விதிவிலக்கு இல்லையா? உண்டு. மணம் நிச்சயிக்கப்பட்ட ஒருவரின் எச்.ஐ.வி. தொற்றை மருத்துவமனை வெளிப்படுத்தியது தவறன்று என அதே நீதிமன்றம் 1998இல் கூறியது. மணமகளின் உயிர் அங்கே ஆபத்திலிருந்தது. சித்தப்பாவின் ஆவலும் பக்கத்து வீட்டாரின் கேள்வியும் அத்தகைய ஆபத்துகளா?

"உண்மை தெரிந்தால் உடைந்து போவார்" என்பர். சொல்லும் முறையில் கனிவு வேண்டும், ஐயமில்லை. உண்மையைத் தாங்க இயலாதவர், அறிய விரும்பாதவர் என்போரும் உண்டு. அதை அவரிடமே கேட்டறிவோம். ஆனால் பிரிக்க வேண்டிய நிலமும், ஆற்ற வேண்டிய பகையும், கேட்க வேண்டிய மன்னிப்பும் அவருக்கு உண்டன்றோ? நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கற்பித்தது. நாமோ, "குருவைக் கண்டால் பயந்து விடுவார்" என்று, நினைவு தப்பிய பின்னரே அவரை அழைக்கிறோம். தன் இறுதிப் பயணத்திற்கு ஆயத்தமாகும் உரிமையையும் அன்பின் பெயரால் பறித்து விடுகிறோம்.

அன்பியக் கூட்டத்தில் நோயின் பெயரைச் சொல்லி மன்றாடுவதும் இவ்வகையே. மன்றாட்டுக்குப் பெயர் போதும். நோய் எதுவென்று இறைவன் அறிவார். ஒப்புரவின் முத்திரையைப் போற்றும் நாம், மருத்துவர் அறையின் கதவையும் போற்றக் கற்போம். இனி உள்ளே செல்கையில் முதியவரை முன்னே விடுவோம். "நாங்களும் வரலாமா அப்பா?" என்று அவரிடம் கேட்போம்.