வெறும் எண் போதுமா?

தாராவி தொண்ணூறடிச் சாலையில் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் பெரியவர் ஒருவரிடம் என் மோட்டார் சைக்கிளைக் கொண்டு நிறுத்துவது வழக்கம். திருநெல்வேலிச் சீமைக்காரர். "முன்னாடி இருபத்தஞ்சு, பின்னாடி இருபத்தெட்டு, போதும்லா தம்பி?" என்பார். "போதும் அண்ணாச்சி" என்பேன். இருபத்தைந்து என்றால் எது இருபத்தைந்து? அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை.

சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்பது அவர் கணக்கு. வண்டியில் ஒட்டியிருக்கும் சீட்டோ சதுர சென்டிமீட்டருக்கு 1.75 கிலோ, 2 கிலோ என்கிறது. செம்பூர்ப் பக்கத்து ஆலையில் வேலை பார்க்கும் என் மாமாவுக்கும் கிலோதான். மாதுங்காவில் நமக்குப் பாடம் நடத்தும் பேராசிரியருக்குப் பாஸ்கலைத் தவிர வேறெதுவும் ஆகாது. மருத்துவரிடம் போனால் 120 என்கிறார். அது பாதரச மில்லிமீட்டர். ஒரே காற்று, ஒரே அழுத்தம், இத்தனை பாஷை!

1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தால் மெட்ரிக் முறை இந்நாட்டுக்கு வந்தது. இராத்தலும் வீசையும் கடைத்தெருவை விட்டுப் போயின. ஆனால் டயருக்குள் புகுந்த பவுண்டு மட்டும் இன்னும் வெளியேறவில்லை. பாஸ்கல் என்ற பெயரை உலக மாநாடு ஏற்றதே 1971இல்தான். ஆகவே பழைய மானிகளையும் அவற்றைப் பார்த்துப் பழகிய கண்களையும் குறைகூறிப் பயனில்லை.

ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது பெரிய வித்தையுமன்று. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 14.22 பவுண்டு, 98 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல். ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல், அதாவது 14.5 பவுண்டு. வாயுமண்டல அழுத்தம் 101.325 கிலோபாஸ்கல்; பாதரசத்தில் 760 மில்லிமீட்டர். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்தே கீழ்வீட்டுக் குழாயின் அழுத்தத்தைச் சொல்லிவிடலாம்.

இந்தப் பெருக்கல் தெரிந்துவிட்டால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். போதாது என்பது என் கட்சி. பெருக்கல் நன்றாகத் தெரிந்த நானே செய்த பிழையைக் கேளுங்கள்.

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நைட்ரஜன் உருளையைக் கையாளும் முறை அன்று எனக்கு. நேரம் முடிந்ததும் அடுத்து வரும் நண்பனுக்கு "30 வரை திற" என்று துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டுத் தேநீருக்குப் போய்விட்டேன். நான் எண்ணியது பவுண்டு. அவன் திறந்த உருளையின் மானியோ கிலோவில் இருந்தது. 30 கிலோ என்றால் 427 பவுண்டு! நல்லவேளை, முள் ஐந்தைத் தொடுமுன்னரே ரப்பர்க் குழாய் பிய்த்துக்கொண்டு அடித்தது. கண்ணாடிக் குடுவை ஒன்று நொறுங்கியது. அவன் கண்ணைக் காத்தது அவன் மூக்குக்கண்ணாடி. எண் சரி, எழுத்தும் சரி. எழுதாமல் விட்ட ஒரு சொல்தான் பிழை. 1999இல் செவ்வாயை நோக்கிப் போன அமெரிக்க விண்கலம் ஒன்றை இழந்ததற்கும் இதே கதைதான் காரணம்: ஒரு சாரார் பவுண்டில் கணக்கிட்டார்கள், மறு சாரார் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு வலையும் உண்டு. காற்றிறங்கிய டயரில் மானி சுழியம் காட்டும். உள்ளே ஒன்றுமில்லையா? வெளியே இருக்கும் வாயுமண்டலம் உள்ளேயும் இருக்கிறது! மானி காட்டுவது அதற்கு மேற்பட்ட மிகுதியை மட்டுமே. பாயில் விதியில் போடவேண்டியதோ முழு அழுத்தம். பின்சக்கரத்தின் 2 கிலோவை அப்படியே கணக்கில் இட்டால், உள்ளிருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு காணாமற் போய்விடும். தேர்வில் அப்படித்தான் எனக்கு மதிப்பெண்ணும் போயிற்று. வீட்டுப் பிரஷர் குக்கரின் ஒரு கிலோவும் இத்தகைய மிகுதியே. உள்ளே முழு அழுத்தம் இரண்டு கிலோ. அதனால்தான் தண்ணீர் 120 டிகிரிவரை ஏறிப் பருப்பு விரைவில் வேகிறது. மருத்துவர் சொல்லும் 120உம் வாயுமண்டலத்துக்கு மேற்பட்டதுதான்.

அண்ணாச்சியிடம் இதை விளக்கினேன். "காத்து இல்லாத டயர்ல காத்து இருக்குன்னு சொல்லத்தான் இவ்வளவு படிச்சியளா?" என்றார். அவர் வேலைக்கு அவர் சுழியம் போதும். எப்போதும் ஒரே மானியைப் பார்ப்பவர் அவர். அவரிடம் பிழை வராது. ஒரு மானியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறவர்களுக்குத்தான் ஆபத்து. நாம் அப்படிப்பட்டவர்கள். தாராவியிலிருந்து ஆலைகளுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் நம் தம்பிமார்களும் அப்படிப்பட்டவர்களே. இன்று ஓர் ஆலை, நாளை வேறோர் ஆலை. அவர்களிடம் "ஐந்தில் நிறுத்து" என்று மட்டும் சொல்லி அனுப்பலாமா?

நம் சங்கத்தார் ஒரு பக்க அளவில் தமிழ் அட்டை ஒன்று அச்சிட வேண்டும். மேலே சொன்ன நாலைந்து எண்களும், "எந்த அலகு? எங்கிருந்து சுழியம்?" என்ற இரு கேள்விகளும் அதில் இருந்தால் போதும். அச்சுக்கூலியில் என் பங்கைத் தர நான் தயார். உடைந்த குடுவைக்குக் கட்டிய அபராதத்தைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.