தாவரக்கலம் வெறும் பெட்டியா?

உயர்தர வகுப்பு மாணவன் றியோ இலையின் ஊதாநிற மேற்றோலை உரித்துச் செறிந்த சுக்குரோசுக் கரைசலில் இட்டு நுணுக்குக்காட்டியால் நோக்குகின்றான். முதலுரு சுருங்குகின்றது. அவன் வரைவதோ, சுவரினின்றும் முற்றாக விடுபட்டு நடுவே மிதக்கும் ஒரு பந்து. பாடநூலும் அவ்வாறே வரைந்துள்ளது. ஆசிரியரும் அதற்கே புள்ளி வழங்குகின்றார். அப்படம் பொய்யானது. சுருங்கிய முதலுருவைச் சுவருடன் பிணைத்து நிற்கும் மெல்லிய இழைகளை ஹெக்ற் 1912 இலேயே விபரித்துவிட்டார். அவ்விழைகளினுள் முதலுருமென்சவ்வு மட்டுமன்றி, அகமுதலுருச் சிறுவலையும் அக்ரின் இழைகளும் நுண்புன்குழாய்களும் உள்ளன என்பது பின்னர் தெளிவாயிற்று. சாதாரண நுணுக்குக்காட்டியில் அவை எளிதிற் புலப்படா என்பர். புலப்படாமை ஒன்று; இல்லையென வரைதல் வேறொன்று.

இப்படத்தின் பின்னே நிற்பது ஒரு கருத்து: வன்மையான சுவர் இருக்கையில் தாவரக்கலத்துக்கு உள்வன்கூடு எதற்கு என்பதே அது. உண்மை இதற்கு நேர்மாறானது. போல் கிறீன் 1962 இல் நைற்றெல்லா என்னும் அல்காவுக்குக் கொல்ச்சிசின் ஊட்டியபோது, நீண்டு வளரவேண்டிய கலம் பந்துபோல் உப்பிற்று. மறு ஆண்டே லெட்பெற்றரும் போட்டரும் மென்சவ்வின் கீழே, சுவரின் செலுலோசு நார்களுக்குச் சமாந்தரமாக, நுண்புன்குழாய்களைக் கண்டனர். மென்சவ்விற் பதிந்த செலுலோசுத் தொகுப்பு நொதியங்கள் அக்குழாய்களின் தடத்திலேயே ஊர்ந்து செல்வது 2006 இல் உயிர்க்கலத்திற் காணப்பட்டது. இரண்டையும் பிணைக்கும் புரதத்தின் தொழில் 2012 இல் விளங்கிற்று. சுவரின் நார்கள் எத்திசையில் அமையவேண்டுமென்பதை வகுப்பதே உள்வன்கூடுதான்!

ஆய்வாளரும் இவ்விடயத்தில் குற்றமற்றவரல்லர். விலங்குக்கலத்தில் வன்கூட்டை மென்சவ்வுடன் இணைப்பவை இன்ரெகிரின், ஸ்பெக்ரின் போன்றவை. ஆகவே தாவரத்திலும் அவையே இருத்தல் வேண்டுமென எண்ணி, விலங்குப் பிறபொருளெதிரிகளைக் கொண்டு பல்லாண்டு தேடினர். 2000 ஆம் ஆண்டு அராபிடொப்சிஸ் தாவரத்தின் மரபணுத்தொகுதி வெளிவந்தபோது அவற்றுக்கு உண்மையான இணைகள் அங்கிருக்கவில்லை. விலங்கை அளவுகோலாகக் கொண்டோர்க்குத் தாவரம் குறையுள்ளதாகவே தோன்றிற்று. தாவரத்திடமோ தனக்கே உரிய பிணைப்புகள் இருந்தன. 2012 இல் விபரிக்கப்பட்ட ‘நெற்’ புரதக் குடும்பம் அக்ரினைப் பற்றிக்கொள்கின்றது. அதன் உறுப்புகளுள் ஒன்று முதலுருமென்சவ்விலும், வேறொன்று புன்வெற்றிட மென்சவ்விலும், இன்னொன்று கருவின் உறையிலும் அமர்கின்றது. இக்குடும்பம் விலங்குகளில் இல்லை. அதனால் விலங்கு குறையுள்ளதென எவரும் எழுதியதில்லை!

பாடத்திட்டம் ஏற்கெனவே பாரமாயிற்றே என்று முணுமுணுப்போர் உளர். புரதங்களின் பெயர்களை மாணவர் மனனஞ் செய்யவேண்டுமென எவரும் கேட்கவில்லை. சுவருக்கும் சுருங்கிய முதலுருவுக்கும் இடையே நாலைந்து மெல்லிய கோடுகளை இழுக்க ஒரு பென்சில் போதும். அக்கோடுகளுக்குப் புள்ளியைக் குறைக்காத பரீட்சகரும் வேண்டும்.