ரிஸ்டிப்ளாம் தீர்ப்பும் பரிசோதனைத் தாமதமும்

முதுகுத்தண்டுத் தசைநலிவு (எஸ்.எம்.ஏ.) நோய்க்கான ரிஸ்டிப்ளாம் மருந்தை நாட்கோ கம்பெனி விற்கத் தடை கேட்ட ரோஷ் கம்பெனியின் மேல்முறையீட்டை 2025 அக்டோபர் 9-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தள்ளுபடி செய்ததும், நாட்கோவின் ரிஸ்டிப்ளாம் புட்டி 15,900 ரூபாய் விலையில் வெளிவந்ததும், எட்டு நாள் கழித்து உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்ததும் நம் வாசகர்கள் அறிந்த விஷயங்களே. பேடண்ட் சட்டத்தின் சூக்ஷ்மங்களில் அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை நமக்கில்லை; தீர்ப்பை மனமார வரவேற்கிறோம்.

இருபது கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தினம் 5 மில்லிகிராம் வீதம் ஒரு புட்டி பன்னிரண்டு நாள் வரும்; ஆக வருஷத்துக்கு ஏறக்குறைய 5 லட்ச ரூபாய். மத்திய சர்க்காரின் அரிய நோய்க் கொள்கை ஒரு நோயாளிக்கு வைத்த 50 லட்ச உச்சவரம்பு, ரோஷின் புட்டி ஆறு லட்சத்துக்குமேல் விற்ற நாளில் நூறு நாளைக்குக்கூடக் காணாதிருந்தது. இன்று பத்து வருஷம் தாங்கும். நிதி போதாது என்ற சமாதானம் இனிச் செல்லாது.

ஆனால் மருந்து மலிந்ததனால் மாண்டுபோன மோட்டார் நியூரான் மீண்டு வந்துவிடுவதில்லை. பிழைத்திருக்கும் அண்டை நரம்பு கிளைவிட்டு, ஆதரவிழந்த தசைநார்களைத் தழுவிக்கொள்ளும் அந்த அற்புத சக்தியும், கிளைவிட நரம்பு மிஞ்சியிருக்கும்வரைதான். அறிகுறி தோன்றுமுன்பே இதே நோய்க்கான மற்றொரு மருந்தான நியூசினர்சென் தொடங்கிய நர்ச்சர் ஆய்வில் 25 குழந்தைகளும் பிழைத்து, பெரும்பாலோர் தாமே நடந்தார்கள் என்றால், அந்த வெற்றியில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு காலத்துக்கும் உண்டு.

அந்தக் காலத்தைத்தான் நாம் இங்கே வாரி இறைக்கிறோம். தஞ்சாவூர் ஜில்லாவில் திருக்காட்டுப்பள்ளியைச் சுற்றிய கிராமங்களிலிருந்து, "பிள்ளைக்குக் கழுத்து நிக்கலையே" என்று ஒரு தாய் வந்து சொன்னால், "சில பிள்ளைக்கு மெதுவாத்தாம்மா நிக்கும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். நாக்குத் துடிப்பை ஒருவர் கவனித்தபின்னும், எலக்ட்ரோமையோகிராம் முடியட்டும், பிறகு சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வாரங்கள் கழிகின்றன. உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஜில்லா இது. அடுத்த கர்ப்பத்துக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு என்பதை அந்தத் தம்பதிக்கு எடுத்துச் சொல்வாரும் இல்லை. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் நோயாளியின் படுக்கையருகே நின்று கண்டு வகுத்த ஒரு மோட்டார் நியூரான் நோய் உலக நூல்களில் சென்னையின் பெயராலேயே வழங்குகிறது. அப்படிப்பட்ட பரம்பரைக்கு இன்று வேண்டியது பிறந்த ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் வடிதாளில் ஒரு துளி குதிகால் ரத்தம்; எஸ்.எம்.என்.1 ஜீனின் ஏழாம் எக்ஸான் இல்லாமையை அதிலேயே கண்டுவிடலாம், நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதுவே காரணம். கர்ப்பிணிக்குப் பிக்மி என்னும் கர்ப்பப் பதிவு எண் இல்லையேல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கட்டாயப்படுத்தத் தெரிந்த சர்க்காருக்கு, அதே எண்ணை ஒரு வடிதாளில் எழுதி வாங்கத் தெரியாதா? இந்தப் பரிசோதனையைத் தொடங்கக் கோரி உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில் வருகிறது. கமிட்டி கூடும், கலையும், புதிய கமிட்டி அமையும். கமிட்டிக்கு அவகாசம் உண்டு, முன்கொம்பு நரம்பணுவுக்கு இல்லை என்பதை அந்த மேஜைகளில் யார் போய்ச் சொல்வது?

பரிசீலனை முடியும்வரை, மருத்துவர்களான நம் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். தளர்ந்த சிசுவிடம் தசைநாண் அனிச்சை காணாவிட்டால், மின்பரிசோதனைக்காகக் காத்திராமல் அன்றே ரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சீட்டில் 'அவசரம்' என்று எழுதுங்கள்.