பீரங்கி முன்னால் ஒரு போட்டோ

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற அப்பா-அம்மாக்களின் டூர் புரோகிராம் அநேகமாக ஒரே அச்சுதான். பிட்ஸ்பர்க் பெருமாள், நியூயார்க் சுதந்திர தேவி, நயாகரா, போகிற வழியில் ஹெர்ஷே சாக்லெட், வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே நின்று ஒரு படம். கெட்டிஸ்பர்க்குக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடையாது. இத்தனைக்கும் வாஷிங்டனிலிருந்து நயாகராவுக்கு 15-ம் எண் நெடுஞ்சாலையில் போனால் அந்த ஊரை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். ஹெர்ஷேயிலிருந்து ஒரு மணி நேரம். கேட்டுப் பாருங்கள். "அங்கே என்ன மாமா இருக்கு, வெறும் வயல்தானே? அவங்க ஊர்ச் சண்டை, நமக்கென்ன?" என்பார் மாப்பிள்ளை.

வயல்தான். ஆனால் 'நமக்கென்ன' என்பதில்தான் எனக்குத் தகராறு.

உங்கள் பேரனிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறதல்லவா? அவன் பிறந்தபோது அப்பா எச்1பி விசாவில்தானே இருந்தார்? அப்படியிருந்தும் அவன் அமெரிக்கக் குடிமகன் ஆனது எப்படி? அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கர் என்று அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் சொல்கிறது. அது 1868-ல் வந்தது. நமக்காக யாரும் எழுதியதல்ல. கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் குப்பையில் போட ஒரு உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. போர் முடிந்த கையோடு வந்த திருத்தம் இது. சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த சீனப் பெற்றோரின் பிள்ளை வோங் கிம் ஆர்க் 1898-ல் வழக்காடி ஜெயித்ததும் இதே வாசகத்தை வைத்துத்தான். 2025 ஜனவரியில், தாய் தற்காலிக விசாவில் இருந்து, தகப்பன் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்று அதிபர் ட்ரம்ப் உத்தரவு போட்டு, விஷயம் கோர்ட்டுக்குப் போனபோது நம்மவர்கள் வாட்ஸப்பில் பதறினார்களே, அந்தப் பதற்றத்தின் ஊற்றுக்கண் இந்த வயல்வெளிகளில் இருக்கிறது. இனி அவங்க ஊர்ச் சண்டை என்று சொல்லாதீர்கள்.

ஆகவே போங்கள். ஆனால் எல்லோரும் பார்ப்பதை மட்டும் பார்த்துவிட்டு வருவதென்றால் சாக்லெட்டே தேவலை.

எல்லோரும் என்ன பார்க்கிறார்கள்? 1863 ஜூலை 1 முதல் 3 வரை மூன்று நாள் சண்டை. தெற்கிலிருந்து படையெடுத்து வந்த ராபர்ட் லீ, வடக்கின் தளபதி ஜார்ஜ் மீட். இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து சுமார் 51,000 பேர். மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரு மைல் திறந்தவெளியில் பீரங்கிக்கு நேரே நடந்து போனார்கள். பாதிப் பேர் வரை சாய்ந்தார்கள். தெற்கு தோற்றுத் திரும்பியது. இன்றைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கரில் அந்த இடத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். நினைவுச் சின்னங்களும் கல்வெட்டுகளுமாக 1,300-க்கு மேல். எந்தப் படைப்பிரிவு எந்த மணிக்கு எந்த மரத்தடியில் நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறது. பராமரிப்பைப் பார்த்தால் நமக்குப் பொறாமையாக இருக்கும்.

எல்லாம் இருக்கிறது. எதற்காகச் சண்டை என்பது மட்டும் இந்தக் கற்களில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வருகிறவர் மனதில் மிஞ்சுவது, இரண்டு பக்கமும் மாவீரர்கள், இரண்டு பக்கமும் அண்ணன் தம்பிகள், பாவம், அடித்துக்கொண்டார்கள் என்கிற அனுதாபம். ஏதோ டெஸ்ட் மேட்ச் மாதிரி.

இது தானாக நேர்ந்ததல்ல. 1913-ல் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கிழச் சிப்பாய்கள் இங்கே கூடி, சண்டை போட்ட அதே கல்சுவரின் குறுக்கே கை குலுக்கினார்கள். போட்டோ பிரமாதம். அதிபர் உட்ரோ வில்சன் வந்து, பகை மறந்தது என்று பேசினார். அதே ஆண்டு அவருடைய ஆட்சியில்தான் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். வெள்ளையரும் வெள்ளையரும் ராசியானார்கள். கணக்குத் தீர்க்கப்பட வேண்டியவன் வெளியே நின்றான். நான்கு வருஷம் கழித்து, 1917-ல், குதிரை மேல் லீ கம்பீரமாக எழுந்தருளினார், தோற்ற களத்திலேயே! அவருடைய படை பென்சில்வேனியாவுக்குள் வந்தபோது சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பின மக்களைப் பிடித்துக் கட்டித் தெற்கே அடிமைகளாக இழுத்துப் போனது. பெண்களையும் குழந்தைகளையும்கூட. அந்தப் பீடத்தில் இதைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். போரின் காரணம் அடிமைமுறை என்பதைப் போர்க்களப் பூங்காக்களில் எடுத்துச் சொல்லுங்கள் என்று 2000-வது ஆண்டு வாக்கில் அமெரிக்க நாடாளுமன்றமே அறிவுறுத்தியது. 2008-ல் கெட்டிஸ்பர்க்கில் திறந்த புது மியூசியம் அதைச் சொல்கிறது. சொல்லவே 137 வருஷம் ஆயிற்று என்பது வேறு விஷயம். ஆனால் 2025-ல் காற்று திரும்பியது. மார்ச்சில் அதிபரின் உத்தரவு; ஜூனில் தேசியப் பூங்காக்களில், பழைய அமெரிக்கர்களைக் குறைவாகப் பேசும் வாசகம் கண்ணில் பட்டால் தெரிவியுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுப் பலகைகள். அடிமையாகப் பிடிக்கப்பட்டவன் கதையைச் சொன்னால் பிடித்தவனுக்கு இழிவாம்! அதனால்தான் மியூசியத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், முதலில் அங்கே போங்கள் என்கிறேன். களத்துக்குக் கட்டணம் இல்லை, மியூசியத்துக்கு டிக்கெட் உண்டு. 377 அடி நீளத்துக்கு வட்டமாகச் சுற்றி நிற்கும் போர்க்கள ஓவியமும் அங்கேதான்.

ஜூலை முதல் வாரம் வேண்டாம். வெயில், கூட்டம், ரூம் கிடைக்காது. முழங்கால் வலிக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. லைசென்ஸ் வாங்கிய கைடுகள் இருக்கிறார்கள், உங்கள் காரையே ஓட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் கதை சொல்வார்கள். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நன்றாகப் படித்தவர்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் வையுங்கள்: "பிரையன் வீட்டில் நிறுத்துங்க சார்."

மூன்றாம் நாள் தாக்குதல் வந்து மோதிய மேட்டிலேயே இருக்கிறது அந்தச் சின்ன வெள்ளை வீடு. ஆப்ரஹாம் பிரையன், கறுப்பின விவசாயி, 12 ஏக்கர் சொந்தக்காரர். லீயின் படை வருகிறது என்றதும் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினார். மாட்டியிருந்தால் ஏலத்துக்குப் போயிருப்பார். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் குண்டு, வயலில் பிணம், வேலியும் பயிரும் போச்சு. 1,028 டாலர் நஷ்ட ஈடு கேட்டார். அரசாங்கம் கொடுத்தது 15 டாலர். லீயின் சிலைக்கு எதிரே பத்து நிமிஷம் நிற்கிறவர்கள் இங்கே ஒரு நிமிஷமாவது நிற்கலாம்.

பிறகு தேசியக் கல்லறை. 1863 நவம்பர் 19-ம் தேதி லிங்கன் இரண்டே நிமிஷம் பேசியது அதன் திறப்பில். அவருக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார் என்பது நம் மேடைப் பேச்சாளர்கள் கவனத்துக்கு. அங்கே புதைப்பதற்காக அவசரக் குழிகளிலிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட அழுகிய உடல்களைத் தோண்டி எடுத்தது பேஸில் பிக்ஸ் என்ற கறுப்பினக்காரரும் அவர் சேர்த்த கறுப்பினக் கூலிகளும்தான். நமக்குத் தெரியாத ஏற்பாடா இது? பிணம் தூக்குவது யார் வேலை என்று எந்த ஊரிலும் முடிவு செய்துதான் வைத்திருக்கிறார்கள்.

பிற்பாடு அந்த ஊரில் காலமான கறுப்பினச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கல்லறையில் இடமில்லை. ஊருக்குள் லாங் லேன் என்று ஒரு தெரு. அதில் லிங்கன் கல்லறை என்று ஒரு சின்ன இடம். கறுப்பின மக்கள் 1867-ல் தங்களுக்கென்று தாங்களே ஏற்படுத்திக்கொண்டது. சுமார் முப்பது சிப்பாய்கள் அங்கே இருக்கிறார்கள். கெட்டிஸ்பர்க் சண்டையில் கறுப்பினப் படைப்பிரிவு எதுவும் இல்லை. வேறு களங்களில் போரிட்டுத் திரும்பியவர்கள் இவர்கள். பீரங்கி கிடையாது, குதிரைச் சிலை கிடையாது, போட்டோவுக்கு ஒன்றும் தேறாது. கல்லில் யு.எஸ்.சி.டி. என்று நாலு எழுத்து இருக்கும். பேரன் அர்த்தம் கேட்டால், யுனைடெட் ஸ்டேட்ஸ் கலர்டு ட்ரூப்ஸ் என்று சொல்லுங்கள். அவன் பாஸ்போர்ட்டைப் பற்றியும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.