கண்ணுக்குத் தெரியாததை முதலில் வாங்குங்கள்!



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில், எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன், தன் அப்பாவுடன் என் வீட்டுக்கு வந்தான். ஹாலில் இருக்கும் 'டிவி'யில் இணைத்து, 'கேம்' விளையாடவும், படம் பார்க்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். என்னென்ன பாகங்கள் வாங்க வேண்டும் என்று, அவனே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான்.

''சார், கூட்டிப் பார்த்தா தலை சுத்துது. தவணையில வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன். இதுல எதைக் குறைக்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க,'' என்றார், கொத்தனார் வேலை செய்யும் அவன் அப்பா.

பட்டியலின் முதல் வரியில், விலை உயர்ந்த 'கிராபிக்ஸ் கார்டு!' அடுத்து, கலர் கலராக மின்னும் விசிறிகள். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டி. கடைசி வரியில், 'பவர் சப்ளை - எது மலிவோ அது' என்று எழுதி இருந்தான்.

எனக்கு 'திக்'கென்றது. ஏன் தெரியுமா... அதே தவறைச் செய்து, பணத்தை இழந்தவன் நான்!

பணி ஓய்வு பெற்ற புதிதில், ஆசையாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பெட்டியோடு சேர்ந்து வந்த மலிவான 'பவர் சப்ளை' போதும் என்று விட்டு விட்டேன். ஒரு கோடை மாலை, இடியும் மழையும். மின்சாரம் போவதும், வருவதுமாக இருந்தது. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. 'பவர் சப்ளை' மட்டுமா போனது? 'மதர் போர்டை'யும் சேர்த்துக் கொண்டு போனது.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம், 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கம்ப்யூட்டரின் பாகங்களுக்குத் தேவையோ, 12, 5, 3.3 வோல்ட் அளவிலான நேர்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான், 'பவர் சப்ளை'யின் வேலை. அது தடுமாறினால், மற்ற எல்லா பாகங்களும் தடுமாறும். எனவே, பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பாக, '80 பிளஸ்' முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் வளவனூர் போல, மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் ஊர் என்றால், ஒரு சிறிய 'யு.பி.எஸ்.,'சும் அவசியம்.

இதைச் சொன்னதும், பையனின் அப்பா சிரித்தார்.

''அஸ்திவாரத்துல சிமென்டைக் குறைச்சுட்டு, பெயின்டுக்குச் செலவு பண்ற கதைதான் சார் இது,'' என்றார்.

நான் சொல்ல நினைத்ததை, அவர் ஒரே வரியில் சொல்லி விட்டார்!

சரி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் விளையாட முடியுமா? முடியும். படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதியையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும் 'பிராசசர்'கள் உண்டு. 2021ல் வந்த, 'ஏ.எம்.டி., ரைசன் 5 5600ஜி' அப்படிப்பட்டது. 'மைன்கிராப்ட், ராக்கெட் லீக்' போன்றவை அதிலேயே ஓடும். 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்ற கார் பந்தயம் இலவசம். ஒரே 'டிவி'யில் நான்கு பேர் உட்கார்ந்து விளையாடலாம். படம் பார்க்க, 'வி.எல்.சி., கோடி' போன்ற மென்பொருட்களும் இலவசமே.

இப்படிப்பட்ட பிராசசருக்கு, 'ரேம்' வாங்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. படம் வரையும் பகுதிக்கு என்று தனி நினைவகம் கிடையாது. ரேமைத்தான் அதுவும் பங்கு போட்டுக் கொள்கிறது. எனவே, 16 ஜி.பி., ஒன்று வாங்குவதை விட, 8 ஜி.பி., இரண்டாக வாங்குவது நல்லது. ஒரு வாசல் வழியாக வரும் கூட்டம், இரண்டு வாசல் வழியாக வந்தால் சீக்கிரம் வருமல்லவா... அதுபோலத்தான்.

ஆனால், 2025 கடைசியில் இருந்து, உலகம் முழுவதும் ரேம் விலை ஏறி விட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பிரமாண்ட கணினி மையங்களுக்கு, நினைவக 'சிப்'புகள் மலை மலையாகத் தேவைப்படுகின்றன. அமெரிக்காவின் 'மைக்ரான்' நிறுவனம், வீட்டு உபயோகத்துக்கு ரேம் விற்று வந்த, 'குருஷியல்' பிரிவையே மூடப் போவதாக, 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ நடப்பது, கொத்தனார் ஒருவரின் சம்பளத்தில் வந்து கை வைக்கிறது, பார்த்தீர்களா!

அதனால்தான், கண்ணாடிப் பெட்டிக்கும், மின்னும் விசிறிக்கும் போகும் பணத்தை, இந்தப் பக்கம் திருப்புங்கள் என்கிறேன். சேமிப்புக்கு, 500 ஜி.பி., 'எஸ்.எஸ்.டி.,' போதும். பழைய 'ஹார்டு டிஸ்க்' போல உள்ளே சுழலும் தட்டு எதுவும் இதில் இல்லை. கம்ப்யூட்டர் சட்டென்று விழித்துக் கொள்ளும். பெட்டி, முன்பக்கம் வலை போட்டதாக, காற்று புகுவதாக இருந்தால் போதும். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் ஏற்றது. அதைத் தரையில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவில் கரை கடந்த பெஞ்சல் புயலில், நம் விழுப்புரம் மாவட்டம் பட்ட பாட்டை மறக்க முடியுமா?

மின் கட்டணத்தையும் கணக்குப் போடுங்கள். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை, தினம் 2 மணி நேரம் ஓட்டினால், 60 நாட்களில் 12 யூனிட். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டு, 300 வாட் இழுத்தால், 36 யூனிட்!

''ஆனா சார், புதுசா வர்ற பெரிய கேம் எல்லாம் இதுல ஓடாதே?'' என்றான் பையன், முகம் வாடி.

நியாயமான கேள்விதான். ஓடாது, ஓடினாலும் திக்கித் திணறித்தான் ஓடும். அதை மறைத்து, நான் உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால், 'மதர் போர்டில்' கிராபிக்ஸ் கார்டுக்கு என்று ஓர் இடம் காலியாக இருக்கும். 550 வாட் உள்ள நல்ல பவர் சப்ளையை இன்றே போட்டு விட்டால், பணம் சேர்ந்த பின், அதற்கு ஏற்ற கார்டை வாங்கிச் செருகிக் கொள்ளலாம். மாடி பிறகு கட்டலாம்; அஸ்திவாரத்தைப் பிறகு போட முடியாது!

பேசிக் கொண்டிருக்கும்போதே, ''அக்காவோட லேப்டாப் ஒண்ணு பரண்ல கிடக்குது சார்,'' என்றான். 2011 முதல், தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகளில் ஒன்று. எடுத்து வரச் சொன்னேன். துடைத்துப் பார்த்தால், ஓரத்தில், 'எச்.டி.எம்.ஐ.,' துளை இருந்தது. ஒரு கேபிள்தான் செலவு. 'டிவி'யில் படம் வந்து விட்டது!

''முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரைக்கும் இது போதும்ப்பா. அதுக்குள்ள பணத்தைச் சேர்த்து, ரொக்கமா வாங்கலாம்,'' என்றான் பையன். அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் தெரிந்த நிம்மதி, எந்தக் கடையிலும் கிடைக்காது.

செல்லங்களே... உங்கள் ஆசை தவறே இல்லை. நாலு பேர் கூடி உட்காரும் ஹாலில் கம்ப்யூட்டரை வைப்பதும் நல்லதே. தாத்தா பழைய பாட்டு கேட்கலாம், அம்மா நாடகம் பார்க்கலாம். ஆனால், பட்டியல் எழுதும் முன், இரண்டு கேள்விகள் கேளுங்கள். வீட்டில் இது யார் யாருக்குப் பயன்படும்? இதற்கான பணம், எத்தனை நாள் உழைப்பில் வந்தது?

பையன், பட்டியலைத் திருத்தி எழுதிக் கொண்டு வந்து காட்டினான். முதல் வரியில் இருந்தது, 'பவர் சப்ளை - நல்லது!'

உங்கள் பட்டியலில், முதல் வரி என்ன?

- ஓய்வு பெற்ற ஆசிரியர், வளவனூர்.