சலத்தில் இரத்தம் கண்டால்

பனையிலிருந்து வழுக்கி விழுந்தவருக்கும், மோட்டார் சைக்கிளோடு மதிலில் மோதியவருக்கும் வெளியில் சிராய்ப்புகூட இல்லாமல் இருக்கலாம். விலாப்பக்கம் எண்ணெய் பூசிப் படுத்தவர்கள், மறுநாள் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவந்து சொல்வது ஒன்றுதான்: "சலத்தோட இரத்தம் போகுது, டொக்டர்."

பயம் நியாயமானது. இதயம் தள்ளும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஆனால் சிறுநீரகத்தைச் சுற்றி இறுக்கமான உறை ஒன்று உண்டு. கசியும் இரத்தம் அதற்குள் தேங்கி, தன் அழுத்தத்தாலேயே காயத்தை அடைத்துவிடும். அவசரப்பட்டு அந்த உறையைத் திறந்தால் அடங்கிய இரத்தம் மீண்டும் பீறிடும். தைத்துக் காப்பாற்றக்கூடிய சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டிவரும்.

சிறுநீரகத்தை எடுத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் அச்சேற்றியது 1867இல். இரண்டு ஆண்டு கழித்து, ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் சத்திரசிகிச்சை நிபுணர் குஸ்தாவ் சைமன் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றினார், அந்தப் பெண் பிழைத்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடும் வாழலாம் என்று தெரிந்தது. அந்தத் தெளிவு பல உயிர்களைக் காத்தது, எடுத்துவிடுவதையும் எளிதாக்கியது.

இன்று காயத்தை ஸ்கானில் பார்த்து ஐந்து தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் மூன்று தரங்களுக்குப் பெரும்பாலும் ஓய்வே போதும். இரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போனால் கத்தி தேவை; சிலருக்குத் தொடை நாடிவழி குழாய் செலுத்திக் கசிவை அடைத்துவிடலாம்.

"இன்னும் ஒப்பரேசன் செய்யேல்லையே" என்று உறவினர் கோபப்படுவதுண்டு. கட்டிலருகே வரிசையாக நிற்கும் சலப் போத்தல்களை அவர்கள் பார்க்க வேண்டும். முதலாவதில் பிளேன்ரீ நிறம், அடுத்ததில் இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள். அந்த நிற மாற்றத்தை இரவெல்லாம் கவனிக்கும் தாதியின் கண்தான் அங்கே சிகிச்சை.

வெட்டாமல் காப்பதற்குத்தான் ஆளும் வசதியும் அதிகம் வேண்டும். நள்ளிரவிலும் ஸ்கான் இயங்க வேண்டும், இரத்த வங்கியில் குருதி இருக்க வேண்டும், சத்திரசிகிச்சைக்கூடம் ஆயத்தமாக நிற்க வேண்டும். சுகாதார அமைச்சு வடக்குக்கு ஆளணி ஒதுக்கும்போது சத்திரசிகிச்சை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த உழைப்பு கணக்கில் வராது.

இத்தனையும் இருந்தாலும், அடிபட்டவர் நேரத்துக்கு வந்துசேர வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஆனால் நெடுந்தீவில் அடிபட்டவர் குறிகட்டுவான் இறங்குதுறையை அடையவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலில் இருக்க வேண்டும். அந்தப் படகில் இரத்த அழுத்தம் பார்த்து, சேலைன் ஏற்றத் தெரிந்த ஒருவர் கட்டாயம் கூடவர வேண்டும். படகு புறப்படும்போதே பெரியாஸ்பத்திரிக்குத் தகவலும் போக வேண்டும்.